நட்டு போல்ட்டு வீடு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முதலில் முழங்கால், அடுத்தது சர்க்கரை, அதற்கடுத்தது வீடு. யார் எங்கே மனை வாங்கினார்கள், யார் வாங்காமல் விட்டார்கள் என்று பேச்சு சூடு பிடித்துவிடும். அந்த இடத்தில் எனக்குக் கால் பரபரக்கும். காபி போடுகிற சாக்கில் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் எத்தனை வீடு மாறினேன் என்பதை என் கணவரைத்தான் கேட்க வேண்டும். பெருமூச்சு விட்டுக்கொண்டே சொல்வார். ஒரு வீட்டுக்குள் புதுச் சுண்ணாம்பு வாசனை போனதுமே எனக்கு அடுத்த வீட்டின் மேல் கண் போய்விடும். நல்ல வீட்டை விட்டுவிட்டு ஏன் இப்படி அலைகிறாய் என்று நீங்களே பலமுறை என்னைத் திட்டியிருக்கிறீர்கள். இப்போது எழுத உட்கார்ந்த இந்த நேரத்தில்கூட இரண்டு தடவை நாற்காலியை மாற்றிப் போட்டுவிட்டேன். அதனால் இழுக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். தாம்பரத்துக்குக் கிழக்கே ஏரியை ஒட்டி நாங்கள் இருந்த வீட்டையும், அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அந்தக் கோடையையும் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ரயில்வே கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஊர் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. பனைமரங்கள், முள்ளுச் செடிகள், கல் நட்டுப் பிரித்துப் போட்ட மனைகள், மனைகளில் மேய்கிற எருமைகள். சாயங்காலத்தில் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு சின்ன விமானம் தலைக்கு மேல் வட்டம் போடும். மழைக்காலத்தில் தவளைச் சத்தத்தில் ரேடியோ கேட்காது. கோடையில் ஏரி வற்றியதும் நடுவே ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள். எங்கள் தெருவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தபால்காரர் எங்கள் வீட்டை வைத்துத்தான் தெருவையே அடையாளம் சொல்வார். நட்டு போல்ட்டு வீட்டுத் தெரு என்பார்.

கேலியாக வந்த பெயர்தான் அது, ஆனால் சரியான பெயர். அப்பா அந்த வீட்டைக் கட்டினார் என்பதைவிட மாட்டினார் என்று சொல்லலாம். இடுப்பு உயரத்துக்கு மட்டும் செங்கல் சுவர். அதற்கு மேலே இரும்புத் தூண்களும், தூண்களுக்கு நடுவே சிமென்ட் ஷீட்டும், தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும். வெல்டிங் கிடையாது, ஆணி கிடையாது. எல்லாம் போல்ட்டு. கதவு, ஜன்னல், அம்மாவின் அஞ்சறைப் பெட்டி வைக்கிற பலகைகூடப் போல்ட்டில்தான் நின்றது. ஒவ்வொரு துண்டின் மேலும் சிவப்புப் பெயின்டில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். கிழக்குப் பக்கத்துக்குக் ‘கி’, தெற்குக்குத் ‘தெ’. நான் பாயில் படுத்தால் நேர் மேலே தெரிவது ‘தெ 7’. காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் அந்த ஏழையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெயில் இறங்கும் நேரத்தில் கூரை குளிர்ந்து ‘டங், டங்’ என்று சத்தம் போடும். புதிதாக வருகிற விருந்தாளிகள் அந்தச் சத்தத்துக்குக் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கட்டம் போட்ட லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஸ்பேனரும் கிரீஸ் டப்பாவுமாக வீட்டைச் சுற்றி வருவார். ஒவ்வொரு தூணின் அடியிலும் குந்தி உட்கார்ந்து, நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கிரீஸ் தடவி, மறுபடி முறுக்குவார். துருப் பிடித்தால் அவசரத்துக்குக் கழலாது என்பது அவர் கவலை. என்ன அவசரம் என்று யாரும் கேட்டதில்லை. தூணை ஏரிக்கரை நிலத்தோடு இணைத்த அந்தக் கீழ் நட்டுகளுக்கு அடிப் போல்ட் என்று பெயர் வைத்திருந்தார். அடிப் போல்ட் கழன்றால்தான் வீடு கழன்றது, மேலே இருப்பதெல்லாம் சும்மா என்று சொல்லிக்கொண்டே போவார். அதே நேரத்தில் உள்ளே அம்மா அத்தோ செய்துகொண்டிருப்பாள். நூடுல்ஸில் புளித்தண்ணீரும் பொரித்த வெங்காயமும் கடலைமாவும் போட்டுக் கையாலேயே பிசைவாள். கிரீஸ் வாசனையும் பொரித்த வெங்காய வாசனையும் கலந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் அது ஞாயிற்றுக்கிழமைதான்.

அத்தோ என்றதும் உங்களுக்குப் புரிந்திருக்கும். நாங்கள் பர்மாக்காரர்கள். அதாவது அப்பா, அம்மா, என் அண்ணன் மூன்று பேரும். நான் இங்கே வந்து வெகுகாலம் கழித்து, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் பிறந்த கடைக்குட்டி. அப்பாவின் தாத்தா காலத்திலேயே ரங்கூனுக்குப் போன குடும்பம். அப்பா அங்கேயே இன்ஜினீயரிங் படித்து, பாலம் கட்டுகிற வேலையில் இருந்தவர். அவருடைய அப்பா கடை வைத்து, செங்கல்லும் தேக்குமாக ஒரு பெரிய வீடு கட்டியிருந்தார். அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொள்ள ஆரம்பித்த வருடத்தில் ஒருநாள் காலையில் நாலு பேர் வந்து கடைக்கதவில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டுவிட்டுப் போனார்களாம். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் அசரவில்லை. நாம் கட்டின வீடு, நம்மை யார் என்ன செய்ய முடியும் என்று உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம் கடை போயிற்று. அதற்கப்புறமும் எல்லாம் சரியாகிவிடும் என்றார். கப்பல் கப்பலாக ஜனங்கள் கிளம்பியபோது அப்பா, அம்மாவையும் கைக்குழந்தையாக இருந்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஏறினார். பெரியவர் ஏறவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு அடுத்த கப்பலில் வருகிறேன் என்றார். அந்த வீட்டிலேயே தனியாக இறந்துபோனார் என்ற சேதி, பின்னால் வந்தவர்கள் சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. அதற்குள் அப்பா இங்கே, அவர் படித்த படிப்பை ஆபீஸ்காரர்கள் யோசித்து ஒத்துக்கொள்கிற வரைக்கும், தன்னைவிடச் சின்னப் பையன்களுக்குக் கீழே சூப்பர்வைசராக வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஊர் ஊராகப் பாலம். பாலம் முடிகிறவரை ஆற்றங்கரையில் ஒரு ஷெட், முடிந்ததும் ஷெட்டைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஆறு. எங்கள் வீட்டின் மாதிரி அங்கிருந்துதான் வந்தது. சொந்தக்காரர்கள் அப்பாவைக் கஞ்சன் என்றார்கள். இவ்வளவு படித்துவிட்டு, இவ்வளவு பென்ஷன் வரப்போகிற மனுஷன் தகரக் கொட்டாயில் குடித்தனம் நடத்துகிறாரே என்று கல்யாண வீடுகளில் அம்மாவின் காதுபடவே பேசினார்கள். கஞ்சத்தனத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. கட்டிய வீட்டை விட்டு வர முடியாமல் ஓர் ஆள் செத்ததைக் கேட்டவர் அவர். இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. நானே பாதி வயது தாண்டிய பிறகுதான் கூட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு ஒரே ஆசை, மொட்டை மாடி. தளம் போட்ட வீடு, அதற்குப் படிக்கட்டு, மேலே போய் வடாம் காயப்போட வேண்டும். அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராகத் தளம் போட்டு, தளம் போடுகிற அன்றைக்குத் தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். அம்மா அந்தப் பொங்கலை வாங்கி வைப்பாளே தவிரச் சாப்பிட மாட்டாள். அவள் வடாமைக் கயிற்றுக் கட்டிலில் பரப்பி, காக்காய்க்கும் எருமைக்கும் குச்சியோடு காவல் இருப்பாள். ஓய்வு பெற்றதும் தளம் போட்டுத் தருகிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நம்பிக்கையில்தான் அவள் அந்த ஷெட்டில் இத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்தாள் என்று நினைக்கிறேன்.

பங்குனி முடிவில் அப்பாவுக்கு மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வந்த மறுநாளே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் குளித்து, சட்டை போட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். எங்கே போவது என்று தெரியாது. ஏரிக் கரை மேல் ஏறி அந்தக் கோடி வரை நடந்துவிட்டு வருவார். கடிகாரத்தை மாட்ட ஆணி அடிக்க மனசில்லாமல், அது பெட்டியோடு பீரோ மேலேயே கிடந்தது. ஆனால் வாக்கை மீறவில்லை. சித்திரை பிறந்ததும் மேஸ்திரி வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெற்றிலைச் சாறு வழிய நின்று, இது இன்னா சார், ஊடா இல்ல சர்க்கஸா என்று கேட்டார். அப்பா சிரிக்கவில்லை. தூண்களுக்கு வெளியே புதுச் சுவர் எழுப்பி அதன் மேல் தளம் போடுவது என்று பேசி முடித்தார்கள். வாசலில் மணல் வந்து இறங்கியது, ஜல்லி வந்தது, கம்பி வந்தது. சிமென்ட் மூட்டைகளைத் திண்டு போல நடு அறையில் அடுக்கினார்கள். அவற்றின் மேல்தான் நான் படுத்துக் கதைப் புத்தகம் படித்தேன். முதுகெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். அம்மா திட்டவே இல்லை. அந்த மூட்டைகளைத் தாண்டும்போதெல்லாம் ஒருமுறை தொட்டுவிட்டுப் போவாள்.

அந்த நேரத்தில்தான் அவர்கள் வந்தார்கள். சங்கிலியும் ஒரு நீளக் குச்சியும் சுண்ணாம்பு வாளியுமாக அளக்கிற ஆட்கள் சிலர். தெரு முழுக்க அளந்தார்கள். சில வீட்டு வாசல் தூணில், எங்கள் வீட்டிலும்தான், சுண்ணாம்பால் ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் இழுத்துவிட்டுப் போனார்கள். எதற்கு என்று கேட்டால், தெரியாதும்மா, மேலே சொன்னாங்க என்றார்கள். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இதெல்லாம் ஏரி இடம், இடிக்கப்போகிறார்கள்.

ஏரிக் கரையிலிருந்து திரும்பி வந்த அப்பா அந்தக் குறியைப் பார்த்தார். அவர் முகத்தை நான் நேரில் பார்த்தேன், ஏனென்றால் நான் மணல் குவியல் மேல் உட்கார்ந்திருந்தேன். கோபமில்லை, பயமுமில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஆள் வந்துவிட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் ஸ்பேனர்ப் பையை எடுத்து வெளியில் வைத்தார். அம்மா ஈரத் துணியைக் கொண்டுவந்து அந்தச் சுண்ணாம்பைத் துடைத்தாள். துடைத்தாலும் ஈரம் காய்ந்ததும் லேசாகத் தெரிந்தது.

எதிர்வீட்டில் ஏர்ஃபோர்ஸ் மாமா இருந்தார். விமானப்படையில் சமையல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் ஏதோ விமானமே ஓட்டினவர் போல மீசை. அவர் வீட்டு வராந்தாவில் தெருக்காரர்கள் கூடினார்கள். மனு எழுதுவோம், கையெழுத்து வாங்குவோம், ஒரு காகிதம் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போக இந்த நாட்டில் எத்தனை வருடம் ஆகும் தெரியுமா என்று ஆளுக்கு ஆள் தைரியம் சொல்லிக்கொண்டார்கள். அப்பா சுவரில் சாயாமல் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். எப்போது வருவார்கள் என்று மட்டும் கேட்டார். மாமா அவர் தோளில் தட்டி, “பேனிக் ஆகாதீங்க சார். ஒண்ணும் நடக்காது. நாம கட்டின வீடு, யாரு என்ன பண்ணிடுவாங்க?” என்றார். பாவம், தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கிருந்து நேராகச் சைக்கிளை எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. விடிந்ததும் சைக்கிள். படப்பைப் பக்கம் மேட்டு நிலமாகத் தேடினார். திரும்பி வந்தால், செயினில் மாட்டாமலிருக்கப் பேன்ட் காலில் போடுகிற கிளிப்பைக் கழற்றாமலே உட்கார்ந்து சாப்பிடுவார். அங்கே ஒருவரின் கொல்லை மனையை வாடகைக்குப் பேசி முடித்தார். வீட்டை அங்கே கொண்டுபோய் மாட்டிக்கொள்ளலாம், மற்றது அப்புறம் என்றார். மேஸ்திரியிடம் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மணலும் ஜல்லியும் வாசலிலேயே கிடந்தன.

அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டால் பர்மியில் போடுவார்கள். தெருவுக்குப் புரியாது, எனக்கும் புரியாது என்பதால் அது அவர்களுக்கு வசதி. அந்த வாரம் முழுக்க வீட்டில் பர்மிதான். சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, குழாயடியில்கூட. அதில் எனக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை, மத்வாபூ. போகமாட்டேன் என்று அர்த்தம். அம்மா அதைச் சத்தம் போடாமல், காய் நறுக்குகிற வேகத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நான் அப்பா கட்சி. இதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. புது ஊர், புதுப் பள்ளிக்கூடம், லாரியில் சாமான்களுக்கு மேலே உட்கார்ந்து போவது, இதைவிட என்ன வேண்டும்? என் கூட்டாளிகளிடம் போய் வருகிறேன் என்று சொல்லி, கோலிக்குண்டுகளையும் பல்லாங்குழிச் சோழிகளையும் பிரித்துக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, அப்பா ரங்கூனையே பார்த்தவர் என்று எனக்கு நினைப்பு. அம்மாவும் அதே ரங்கூனைத்தான் பார்த்தாள் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

நீங்கள் அவசரக்காரர்கள், அதனால் பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருவை யாரும் இடிக்கவில்லை. அடுத்த வருடம் வடிகால் தோண்ட வந்தவர்கள் அந்தக் குறிகளைத் தேடினார்கள். வடிகாலுக்குத்தான் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அங்கே எல்லாம் மூன்று மாடி, கீழே கடை. ஏர்ஃபோர்ஸ் மாமா அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம், நான்தான் சொன்னேனே என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அதனால் அப்பாவுக்கு நிம்மதி வந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். இருந்த காலம் முழுக்க வீட்டுக்குள்ளும் சட்டையோடுதான் இருந்தார். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நிற்பார். அம்மாவுக்கு மொட்டை மாடியும் வரவில்லை. அண்ணன் வடக்கே வேலையிலிருந்து வந்து பின்பக்கம் ஒரு குளியலறை கட்டிக் கொடுத்தான், அவ்வளவுதான். அவள் கடைசிவரை வடாமைக் கயிற்றுக் கட்டிலில்தான் காயப்போட்டாள். ஏன் வரவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

வீட்டைக் கழற்றுகிற நாள் குறித்தாயிற்று. என் டிரங்குப் பெட்டி, பாத்திரங்கள், சாமி படங்கள் எல்லாம் கட்டி வைத்தாயிற்று. அப்பா விடியற்காலையில் லாரியையும், பாலத்தில் அவரிடம் வேலை பார்த்த பழைய ஃபிட்டர்களையும் கூட்டிவரக் கிளம்பினார். சைக்கிள் ஏரி வளைவில் திரும்பி மறைந்ததும் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். திரும்பி வரும்போது கூடவே மேஸ்திரியும் ஒரு சித்தாளும் வந்தார்கள். மேஸ்திரி தயங்கித் தயங்கி வந்தார்.

நடு அறையில் இருந்த சிமென்ட் மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார்கள். மணலையும் ஜல்லியையும் அளந்து கொட்டிக் கலந்தார்கள். ஒவ்வொரு தூணின் அடியிலும் நாலு பக்கமும் செங்கல் வைத்துத் தொட்டி போல் கட்டி, அடிப் போல்ட் மூழ்குகிற அளவுக்குக் கான்கிரீட்டைக் கொட்டினார்கள். தலைக்கு மேலே போட வந்த கான்கிரீட், காலுக்குக் கீழே போயிற்று. மேஸ்திரி நடுநடுவே நின்று, “சார் வந்தாருன்னா என்னைக் கிழிச்சிடுவாரும்மா. நான் புள்ளகுட்டிக்காரன்” என்றார். நான் சொல்லித்தான் செய்தீர்கள் என்று அவரிடம் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அம்மா கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொண்டுவந்தாள். என்னையும் ஒரு வாளியைத் தூக்கச் சொன்னாள். நான் மாட்டேன் என்று டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோலிக்குண்டுகளைக் கொடுத்துவிட்டேனே என்றுதான்.

கடைசித் தூணைப் பூசிக்கொண்டிருக்கும்போது லாரி வந்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் அப்பா. பின்னால் கடப்பாரையும் கயிறுமாக ஆட்கள். எதிர்வீட்டு மாமா காம்பவுண்டுக்கு வெளியே வந்து நின்றார். அவர் வந்தால் தெருவே வரும், வந்தது.

அப்பா கையில் ஸ்பேனர்ப் பையோடு நேராக வாசல் தூணுக்குப் போனார். ‘கி 1’. குந்தி உட்கார்ந்து பார்த்தார். நட்டு இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஈரமாக ஒரு மேடை. ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. எழுந்து அடுத்த தூணுக்குப் போனார், அடுத்ததற்கு. எல்லாத் தூணிலும் ஒரு தடவை விரலை வைத்தார். மேஸ்திரி கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

ஃபிட்டர்களில் வயதானவர் அப்பாவின் பக்கத்தில் வந்தார். “பச்சையாத்தான் சார் கீது. ஒரு தள்ளு தள்ளுனா வந்துரும். எடுத்துரலாமா?”

அது உண்மைதான். மண்வெட்டி போதும். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு, போல்ட்டைத் துடைத்துக் கழற்றிவிடலாம். மத்தியானத்துக்குள் கெட்டியாகிவிடும், அப்புறம் உடைக்க வேண்டும். இதை அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாவுக்கும் தெரியும், பாலம் பாலமாகக் குடியிருந்தவள்தானே. நானும் பெட்டியிலிருந்து எழுந்து நின்றேன். அப்பா ‘ம்’ என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

அம்மா கொல்லைப் பக்கத்திலிருந்து வந்தாள். முழங்கை வரைக்கும் சிமென்ட். தெருவே கேட்கிற மாதிரி, தமிழில் பேசினாள். அவர்கள் சண்டையைத் தமிழில் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“கப்பல்ல ஏறுன்னீங்க, ஏறினேன். அப்புறம் எத்தனை ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனீங்க, எல்லாத்துக்கும் வந்தேன். அப்பல்லாம் யாராவது போகச் சொன்னாங்க, போனோம். இப்ப யாரு நம்மளைப் போகச் சொன்னா?”

அப்பா ஸ்பேனர்ப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “சொல்றதுக்கு முன்னாடி போயிடணும்” என்றார். ரங்கூன் வீட்டில் செத்துப்போன அந்தப் பெரியவர் அம்மாவுக்கும் மாமனார்தானே.

“உங்கப்பா மாதிரி நான் உட்கார மாட்டேன். அவங்க வந்து போன்னு சொல்லட்டும், அன்னிக்கு நானே கடப்பாரை எடுத்து இதை உடைக்கிறேன். சொல்ற வரைக்கும் இருப்போம்ங்க. ஒரு வீட்டுல இருந்து பாப்போம்.”

லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, லோடு உண்டா இல்லியா சார், வண்டி நின்னுகினு கீது என்றார். அப்பாவுக்கு அது காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. மேஸ்திரியைப் பார்த்து, கலவை என்ன என்று கேட்டார். மேஸ்திரி எச்சிலை விழுங்கிக்கொண்டு, சிமென்ட் ஒண்ணுக்கு மணல் ரெண்டு, ஜல்லி நாலு சார் என்றார்.

“தண்ணி ஜாஸ்தி” என்றார் அப்பா.

மேஸ்திரி மறைத்து வைத்திருந்த கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கினார். வாசல் தூணின் அடியில் மறுபடி குந்தி உட்கார்ந்து, தான் விரல் வைத்த குழியை மூடித் தேய்த்தார். மழைத் தண்ணீர் தூணோடு தேங்காமல் வெளியே வடிகிற மாதிரி நாலு பக்கமும் சரிவு வைத்தார். ஒரு தூணை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். ஃபிட்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கடப்பாரைகளைத் திரும்ப லாரியில் போட்டார்கள். லாரி பின்னால் எடுத்துத் திரும்பிப் போகிற சத்தம் கேட்டும் அவர் தலையைத் தூக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் டிரங்குப் பெட்டியை ஓங்கி உதைத்தேன். கால்தான் வலித்தது.

எல்லாத் தூணும் முடிந்து அவர் எழுந்தபோது வெயில் ஏறிவிட்டது. சாக்கு இருக்கிறதா என்று கேட்டார். சித்தாள் காலி சிமென்ட் சாக்குகளைக் கொண்டுவந்தாள். சாக்கைத் தூணின் அடியில் சுற்றிவிட்டு, ஒரு வாரத்துக்கு இது காயக் கூடாது, காலையிலும் சாயங்காலமும் நனைக்க வேண்டும், விட்டால் வெடித்துவிடும் என்று பொதுவாக எல்லோருக்கும் சொன்னார். நான் ஊற்றிக்கொள்கிறேன் என்று அம்மா வாளியை எடுத்தாள்.

அப்பா அதை அவள் கையிலிருந்து வாங்கினார்.

“நீ எதுக்கு? நான் இங்கதானே இருக்கப்போறேன்.”